நள்ளிரவில் கதவு தட்டப்பட்டால்

அத்தியாயம் 6: பயங்கரவாதத் தடுப்பு விசாரணையில் முதல் 24 மணி நேரம்

2006-ஆம் வருஷம் ஜூலை 11-ஆம் தேதி மாலையில், மும்பையில் மேற்கு ரயில்வேயின் லோக்கல் வண்டிகளில் சில நிமிஷங்களுக்குள் அடுத்தடுத்து ஏழு குண்டுகள் வெடித்து, வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த 180-க்கும் மேற்பட்ட ஜனங்கள் மாண்டார்கள். குண்டு வெடித்த இடங்களுள் ஒன்றான மாட்டுங்கா ரோடு, தாராவியிலுள்ள நம் லேபர் கேம்ப்பிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது. அந்தக் கொடுமையைச் செய்தவர்கள் தண்டிக்கப்பட வேண்டும் என்பதில் எவருக்கும் அபிப்பிராய பேதம் இருக்க முடியாது. ஆனால் மகாராஷ்டிரத்தின் பயங்கரவாதத் தடுப்புப் படையான ஏ.டி.எஸ். கைது செய்து விசாரணைக்கு நிறுத்திய 13 பேரும் முஸ்லிம்கள். அவர்களுள் பள்ளி ஆசிரியரான அப்துல் வாஹித் ஷேக், ஒன்பது வருஷச் சிறைவாசத்துக்குப் பிறகு 2015-இல் நிரபராதி என்று விடுதலையானார். மற்றப் பன்னிருவரில் ஐவருக்கு மரண தண்டனையும் எழுவருக்கு ஆயுள் தண்டனையும் விதிக்கப்பட, அவர்களுள் ஒருவர் 2021-இல் சிறைக்காவலில் இருந்தபோதே கண்ணை மூடினார். கடைசியில் 2025 ஜூலை 21 அன்று, பன்னிருவர் மீதும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூன்று நாளில் உச்ச நீதிமன்றம், அத்தீர்ப்பைப் பிற வழக்குகளில் முன்னுதாரணமாகக் காட்டக்கூடாது என்று நிறுத்திவைத்ததே தவிர, விடுதலையானவர்களைத் திரும்பவும் சிறைக்கு அனுப்பவில்லை.

கைதிலிருந்து விடுதலை வரை 19 வருஷம். அந்த 19 வருஷத்தின் முதல் 24 மணி நேரத்தில், வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்வதுதான் இந்த அத்தியாயம்.

தத்துவம் அதிகம் வேண்டாம். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஜனக்கூட்டத்தைப் பிறப்பைக் கொண்டே சந்தேகிக்கும் வழக்கம் நம் நாட்டுக்குப் புதிதன்று என்பதைத் தமிழர்கள் நன்றாக அறிவார்கள். மதுரைச் சீமையில் கைரேகைச் சட்டம் என்று ஜனங்கள் அழைத்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து, 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானவர்களின் நினைவு இன்னும் மறையவில்லை. அதே மனோபாவம் இன்று வேறொரு சமூகத்தின் மேல் திரும்பியிருக்கிறது. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் நடந்த பம்பாய்க் கலவரத்தை விசாரித்த ஸ்ரீகிருஷ்ணா கமிஷன், முஸ்லிம்களுக்கு விரோதமான ஒருதலைப்பட்சம் போலீஸாரிடம் ஊறிக்கிடந்ததை 1998-இல் வெளிப்படையாகவே எழுதியது. காமன் காஸும் லோக்நீதியும் 2019-இல் வெளியிட்ட போலீஸ் நிலை அறிக்கைக்காகப் பேட்டி காணப்பட்ட போலீஸாரில் ஏறத்தாழப் பாதிப் பேர், முஸ்லிம்கள் இயல்பிலேயே குற்றத்தின்பால் சாய்பவர்கள் என்று ஓரளவேனும் நம்புவதாகச் சொன்னார்கள். இந்த நம்பிக்கையை வாசற்படியில் நின்று வாதாடி மாற்ற உங்களால் முடியாது. அதன் ஒவ்வோர் அசைவையும் நேரத்தோடும் பெயரோடும் காகிதத்தில் பதிந்துவைக்க முடியும்.

வருமுன் செய்துவைக்க வேண்டியவை

கையகல வீட்டில் ஏழு பேர் வசிக்கும் இடத்தில், வேண்டிய காகிதம் வேண்டிய சமயத்தில் கிடைப்பது அருமை. ஆகையால்:

1. வாடகை ஒப்பந்தம், வாடகைக்காரர் விவரத்தைக் காவல் நிலையத்துக்குக் கொடுத்ததற்கான அத்தாட்சி, ஆதார், ரேஷன் கார்டு, தொழிற்கூடத்துச் சம்பளச் சீட்டு, ஊருக்குப் போய்வந்த ரயில் டிக்கெட்டு ஆகியவற்றின் நகல்களை ஓர் உறையில் இட்டு, அதே உறையின் இரண்டாம் பிரதியை வேறொரு வீட்டில், கூடுமானால் வேறொரு சந்தில், கொடுத்துவையுங்கள். டிக்கெட்டை அற்பமாக எண்ண வேண்டாம். குறிப்பிட்ட நாளில் ஒருவன் திருநெல்வேலியில் இருந்தான் என்பதைப் பத்து வருஷம் கழித்து அந்தத் துண்டுக் காகிதம்தான் சொல்லும்.

2. ஒரு வக்கீலின் தொலைபேசி எண்ணையும், 15100 என்ற தேசிய இலவசச் சட்ட உதவி எண்ணையும் சுவரில் எழுதிவையுங்கள். போனில் மட்டும் பதிந்துவைத்தால், போனைப் பறிமுதல் செய்யும்போது எண்ணும் கூடவே போய்விடும்.

3. ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் வாசலுக்கு அருகே இருக்கட்டும்.

4. வீட்டில் நிதானமாகப் பேசக்கூடியவர் ஒருவர், எழுதக்கூடியவர் ஒருவர் என்று முன்கூட்டியே நிர்ணயித்துக்கொள்ளுங்கள். எழுதுகிறவர் பெரும்பாலும் பள்ளிக்கூடம் போகும் பெண்ணாகவே இருப்பாள். அவளுக்கு இந்த அத்தியாயத்தை வாசித்துக் காட்டுங்கள்.

கதவு தட்டப்படும்போது

1. விளக்கைப் போடுங்கள், கதவைத் திறக்குமுன் கடிகாரத்தைப் பாருங்கள், அந்த நேரத்தை உடனே எழுதுங்கள். இந்த ஒரு வரியைப் போல் பிற்காலத்தில் உதவுவது வேறொன்றும் இல்லை என்பதை, மேலே போகப் போக உணர்வீர்கள்.

2. வந்தவர்கள் யார் என்று மரியாதையாகக் கேளுங்கள். கைது செய்யும் அதிகாரி தம் பெயரைத் தெளிவாகக் காட்டும் அடையாளத்தை அணிந்திருக்க வேண்டும் என்பது 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் விதித்து, இப்போது புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் எழுதப்பட்டுவிட்ட விதி. பெயர், பதவி, எந்த ஸ்டேஷன் அல்லது எந்தப் பிரிவு, வண்டியின் எண் ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். தாராவி, ஷாகூநகர் போன்ற உள்ளூர் ஸ்டேஷனிலிருந்து வந்தவர்களா, ஏ.டி.எஸ். ஆட்களா என்பதைப் பிரித்தறிவது அவசியம். மறுநாள் எங்கே போய்த் தேடுவது என்பது அதைப் பொறுத்தது.

3. வீட்டைச் சோதிக்க வந்திருந்தால், சோதனையைத் தடுக்காதீர்கள். சாட்சிகள் உண்டா, வீடியோப் பதிவு நடக்கிறதா என்று கேளுங்கள். 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த இந்தப் புதிய சட்டத்தின் 105-ஆம் பிரிவின்படி, சோதனையும் பறிமுதலும் ஒலி-ஒளிப் பதிவு செய்யப்பட வேண்டும். எடுத்துச் செல்லும் பொருள் ஒவ்வொன்றும், சாட்சிகள் முன் எழுதப்படும் குறிப்பான பஞ்சநாமாவில் ஏற வேண்டும். அதன் நகல் உங்களுக்குச் சேர வேண்டும். போனை எடுத்தால் அதன் ஐ.எம்.இ.ஐ. எண்ணையும், புத்தகங்களை எடுத்தால் ஒவ்வொன்றின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். “அரபி நூல்கள் சில” என்று பொத்தாம்பொதுவாக எழுதினால், பிள்ளைகளின் ஓதும் கிதாபுகூடப் பிற்பாடு வேறொரு தோற்றத்தோடு கோர்ட்டில் வந்து நிற்கக்கூடும்.

ஜாக்கிரதை: எதையும் கிழிக்காதீர்கள், எரிக்காதீர்கள், போனிலிருந்து அழிக்காதீர்கள். மடியில் கனமில்லாதவர்களும் பயத்தினால் இதைச் செய்கிறார்கள். சாட்சியத்தை அழித்ததாக ஒரு தனிக் குற்றம் அப்போதுதான் பிறக்கிறது. ஓடாதீர்கள், கை ஓங்காதீர்கள், சந்தில் கூட்டம் சேர்க்காதீர்கள். அதிகாரியின் முகத்துக்கு நேரே போனை நீட்டிப் படம் பிடிப்பதும் அந்த வேளையில் நன்மை தராது. காவல் நிலையத்துக்குள் வீடியோ எடுப்பது அதிகாரபூர்வ ரகசியச் சட்டப்படி குற்றமாகாது என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாகபுரி அமர்வு 2022-இல் சொல்லியிருப்பது உண்மைதான். ஆனாலும் இரவு இரண்டு மணிக்குச் சண்டையைத் தவிர்க்கும் நோட்டுப் புத்தகமே உத்தமமான சாதனம்.

“சும்மா விசாரித்துவிட்டு அனுப்பிவிடுகிறோம்”

அநேகத் துன்பங்களுக்கு வாசலாக இருப்பது இந்த வாக்கியம்தான். கைது என்ற சொல்லை உச்சரிக்காமலே ஒருவரை அழைத்துச் சென்று, எந்த ஏட்டிலும் பதியாமல் சில நாள் வைத்திருந்து, பிறகு ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து அன்றுதான் பிடித்ததாக எழுதினால், சட்டம் தரும் 24 மணி நேரக் கெடுவும் மருத்துவப் பரிசோதனையும் வக்கீலும் அந்தச் சில நாட்களுக்கு இல்லாமலே போய்விடும். ஆகவே, இந்த வாக்கியம் காதில் விழுந்தவுடன்:

1. எழுத்து மூலமான நோட்டீஸ் கேளுங்கள். சாட்சியாக அழைத்தால் அதே சன்ஹிதாவின் 179-ஆம் பிரிவு. சந்தேகிக்கப்படுபவராக அழைத்தால் 35(3)-ஆம் பிரிவு. இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளாமல் புறப்படாதீர்கள். 35-ஆம் பிரிவு நோட்டீஸை வாட்ஸ்அப் வழியாக அனுப்புவது முறையான சேர்ப்பிப்பு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் உத்தரவிட்டிருக்கிறது. முறையான நோட்டீஸ் வந்தால் அலட்சியம் செய்யாமல் குறித்த நாளில் போங்கள். போகாமலிருப்பதே கைதுக்குக் காரணமாகிவிடும்.

2. சாட்சியாக அழைக்கப்படுபவர் பெண்ணாகவோ, 15 வயதுக்குட்பட்ட அல்லது 60 வயதுக்கு மேற்பட்ட ஆணாகவோ, கடும் நோயாளியாகவோ, மாற்றுத் திறனாளியாகவோ இருந்தால், அவரை வீட்டிலேயே விசாரிக்க வேண்டும். ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி நிர்ப்பந்திக்க முடியாது.

3. தனியாகப் போகாதீர்கள். ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே நின்று, நுழைந்த நேரத்தையும் வெளிவந்த நேரத்தையும் எழுதட்டும்.

4. பொய் சொல்லாதீர்கள். நினைவில்லாததை “நினைவில்லை” என்று சொல்லுங்கள். யூகித்துப் பதில் சொல்வதுதான் பெரும் ஆபத்து. உங்களையே குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல நீங்கள் கடமைப்பட்டவர் அல்லர். அரசியல் சாசனத்தின் 20(3)-ஆம் ஷரத்து அந்தக் காப்பைத் தருகிறது.

தெரியாத பாஷையில் கையெழுத்து

இங்கே சற்று நின்று நிதானமாகப் பேச வேண்டும். ஏனெனில் மும்பைத் தமிழ் முஸ்லிம் குடும்பம் இரட்டைச் சிறுபான்மை. மராத்தியில் எழுதப்பட்ட காகிதத்தைப் படிக்க முடியாத தகப்பனாரும், உருது தெரியும் என்று பிறரால் அனுமானிக்கப்பட்டு, உண்மையில் தமிழையும் கொஞ்சம் பம்பாய் ஹிந்தியையும் மட்டுமே அறிந்த மகனும், விடியற்காலையில் ஒரு மேஜைக்கு முன் நிற்கும்போது, காகிதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கவே கூசுகிறார்கள். அந்தக் கூச்சத்தை விட்டுவிடுங்கள்.

எழுதியதைத் தவறாகப் படிப்பதால் விளையும் விபரீதத்துக்குப் பாக் ஜலசந்திக்கு அப்பாலும் ஓர் உதாரணம் உண்டு. இலங்கையின் மன்னார்ப் பகுதியைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜஸீம், ‘நவரசம்’ என்ற தம் தமிழ்க் கவிதை நூலில் தீவிரவாதத்தைப் பரப்பினார் என்று குற்றம் சாட்டப்பட்டு, ஈஸ்டர் குண்டுவெடிப்புக்கு அடுத்த ஆண்டாகிய 2020-இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்ப் பிடிக்கப்பட்டார். வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகளும் அதே நூலில் இருந்தன. 2021 டிசம்பரில்தான் ஜாமீன் கிடைத்தது. 2023 டிசம்பரில்தான் விடுதலை கிடைத்தது. ஆகையால்:

1. காலியான காகிதத்தில் எந்த நிலையிலும் கையெழுத்திடாதீர்கள்.

2. போலீஸார் விசாரணையின்போது எழுதிக்கொள்ளும் சாட்சி வாக்குமூலத்தில் கையெழுத்துத் தேவையில்லை என்று சன்ஹிதாவே, 181-ஆம் பிரிவில், சொல்கிறது. கேட்டால் அதைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள்.

3. கைதுக் குறிப்பிலோ பஞ்சநாமாவிலோ கையெழுத்திட நேர்ந்தால், பெயருக்குக் கீழே “எனக்கு மராத்தி படிக்கத் தெரியாது, படித்துக் காட்டவில்லை” என்று தமிழில் எழுதி, தேதியையும் நேரத்தையும் இடுங்கள். தமிழ் எழுத்து அங்கே இருப்பதே பிற்காலத்தில் ஒரு சாட்சி.

4. கைதுக்கான காரணங்களை எழுத்தில் கேளுங்கள், தமிழிலேயே கேளுங்கள். சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டமான யு.ஏ.பி.ஏ. வழக்குகளில் காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும் என்று பிரபீர் புர்காயஸ்தா வழக்கில் 2024 மே 15 அன்று சொன்ன உச்ச நீதிமன்றம், 2025 நவம்பர் 6 அன்று மும்பையிலிருந்தே சென்ற மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில், எந்தக் குற்றமானாலும் கைதானவருக்குப் புரியும் பாஷையில் எழுத்து மூலமாகக் காரணத்தைத் தர வேண்டும் என்றும், உடனே இயலாவிட்டால் மாஜிஸ்திரேட்டின் முன் ஆஜர்படுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது தர வேண்டும் என்றும் தீர்மானித்துவிட்டது.

மோக்காவைப் பற்றித் தனி எச்சரிக்கை: சாதாரண வழக்கில் போலீஸாரிடம் கொடுத்த ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது. ஆனால் மகாராஷ்டிரத்தின் திட்டமிட்ட குற்றத் தடுப்புச் சட்டமான மோக்காவில், 18-ஆம் பிரிவின் கீழ், எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத போலீஸ் அதிகாரி பதிவு செய்யும் ஒப்புதல் சாட்சியமாகும். 2006 ரயில் வழக்கு நின்றது பெரும்பாலும் இத்தகைய 11 ஒப்புதல்களின் மேல்தான்; அவை சித்திரவதையினால் பெறப்பட்டவை என்ற முறையீட்டில் உண்மை இருப்பதாகக் கண்டு, அவற்றை உயர் நீதிமன்றம் தள்ளியபோது, வழக்கின் பெருந்தூண் சரிந்தது. ஆனால் அந்தத் தூண் சரிய எத்தனை வருஷம் ஆயிற்று என்பதை எண்ணிப் பாருங்கள். மோக்கா என்ற சொல் காதில் விழுந்த கணமே வக்கீல் வேண்டும் என்று கேளுங்கள். கேட்டதையும் கேட்ட நேரத்தையும் நினைவில் வையுங்கள்.

கைது செய்தால்

1. கைதுக் குறிப்பைக் கேளுங்கள். அதில் நேரமும் தேதியும் இருக்க வேண்டும். குடும்பத்தார் ஒருவரோ, பேட்டையில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். உங்கள் நோட்டிலுள்ள நேரமும் குறிப்பிலுள்ள நேரமும் ஒத்துப்போகாவிட்டால், கையெழுத்திடும்போதே சரியான நேரத்தை அருகில் எழுதிவிடுங்கள்.

2. எந்த ஸ்டேஷனில் வைத்திருக்கிறார்கள் என்று குடும்பத்துக்குத் தெரிவிப்பது போலீஸாரின் கடமை. கைதானவர்களின் விவரம் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மாவட்டத் தலைமையகத்திலும் அறியக் கிடைக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது.

3. இடம் தெரியாவிட்டால் விடியும்வரை காத்திராதீர்கள். 2013-இல் நிறுத்தப்படும் வரை இத்தகைய சமயத்தில் ஏழைகளுக்குக் கைகொடுத்தது தந்திதான். கமிஷனருக்கும் தலைமை நீதிபதிக்கும் அனுப்பிய தந்தியின் ரசீது, நேரத்தைச் சொல்லும் மறுக்க முடியாத சாட்சியாக இருந்தது. இன்று அந்த ஸ்தானத்தில் மின்னஞ்சலும் ஸ்பீட் போஸ்ட்டும் இருக்கின்றன. “இன்னார், இத்தனை மணிக்கு, இந்த எண்ணுள்ள வண்டியில், இன்ன பெயருடைய அதிகாரியால் அழைத்துச் செல்லப்பட்டார், இருக்குமிடம் தெரியவில்லை” என்று நான்கே வரி எழுதி, போலீஸ் கமிஷனருக்கும் மாநில மனித உரிமைக் கமிஷனுக்கும் அன்றிரவே மின்னஞ்சல் அனுப்பி, தபாலாபீஸ் திறந்ததும் ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்புங்கள். வசையோ வர்ணனையோ வேண்டாம். இந்த நான்கு வரியே பின்னர் உயர் நீதிமன்றத்தில் போடும் ஆட்கொணர்வு மனுவுக்கு அஸ்திவாரம்.

4. விசாரணையின்போது தம் வக்கீலைச் சந்திக்கக் கைதானவருக்கு உரிமை உண்டு. விசாரணை முழுவதும் கூடவே இருக்க இயலாவிட்டாலும், இடையிடையே சந்திக்கலாம். பணம் இல்லை என்று தயங்க வேண்டாம். காவலில் இருப்பவர் எவராயினும், வருமானம் எவ்வளவாயினும், இலவசச் சட்ட உதவிக்கு உரியவர் என்று 1987-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. நமக்கு அடுத்த குர்லாவில் அலுவலகம் வைத்திருந்த ஷாஹித் ஆஸ்மி, இளம் வயதில் தாமே தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் சிறைப்பட்டு, வெளிவந்து வக்கீலாகி, இப்படிப்பட்ட ஏழைகளுக்காகவே வாதாடி, 2010 பிப்ரவரி 11 அன்று அந்த அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ரயில் வழக்கின் மேல்முறையீட்டில் வாதாடியவர்களுள் ஒருவர் ஒரிசா உயர் நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி எஸ். முரளிதர். துணிந்து நிற்கும் வக்கீல்கள் இருக்கிறார்கள், தேடிப்போக வேண்டும். “ஆளைத் தெரியும், இரண்டு லட்சத்தில் முடித்துத் தருகிறேன்” என்று வரும் தரகரிடம் மட்டும் போகாதீர்கள்.

5. பெண்ணை, அசாதாரணமான சந்தர்ப்பத்தில் மாஜிஸ்திரேட்டின் முன்அனுமதியோடு பெண் அதிகாரி செய்தாலன்றி, சூரியாஸ்தமனத்துக்குப் பின்னும் உதயத்துக்கு முன்னும் கைது செய்யலாகாது.

பக்கத்து வீட்டாருக்கு ஒரு வார்த்தை

கைதுக் குறிப்பில் கையெழுத்திட ‘பேட்டையில் மதிப்புள்ள ஒருவர்’ வேண்டும் என்றேன். அந்த ஒருவர் நீங்கள்தான். லேபர் கேம்ப், மராத்தி எழுத்தாளர் அண்ணாபாவ் சாத்தே வாழ்ந்து 1944-இல் லால் பாவ்டா கலாபதக் என்ற கலைக்குழுவைத் தொடங்கிய இடம். தலித் குடும்பங்களும் தமிழ்க் குடும்பங்களும் ஒரே குழாயடியில் நின்ற இடம். ஆனால் ஏ.டி.எஸ். வந்து போன மறுநாள், அந்த வீட்டின் பெண் தண்ணீர் பிடிக்க வரும்போது குழாயடி மௌனமாகிவிடுவதுதான், அந்தக் குடும்பத்தின் மேல் முதலில் விழும் தண்டனை.

“வாப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள், அண்ணாச்சி” என்று அந்தப் பிள்ளை வந்து நின்றால், செய்ய வேண்டியவை மூன்றே: நீங்கள் கண்ணால் கண்டதையும் கண்ட நேரத்தையும் உங்கள் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள், கூடவே ஸ்டேஷனுக்குப் போங்கள், காதால் கேட்டதை, வாட்ஸ்அப்பில் வந்ததை, யாருக்கும் சொல்லாதீர்கள். வேற்று மதத்தவர் ஒருவர் எழுதிக் கொடுத்த நேரக் குறிப்புக்குக் கோர்ட்டில் உள்ள மதிப்பு, உறவினர் பத்துப் பேர் சொல்லும் சொல்லுக்குக் கிடைப்பதில்லை. இது நியாயமன்று, ஆயினும் இன்றைய நிலைமை இதுதான் என்பதால் சொல்கிறேன்.

மாஜிஸ்திரேட்டின் முன்

கைதான 24 மணி நேரத்துக்குள், பிரயாண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட் அல்லது சிறப்புக் கோர்ட்டின் முன் நிறுத்த வேண்டும். ரிமாண்டு சில நிமிஷத்தில் முடிந்துவிடும். அந்தச் சில நிமிஷத்தை வீணாக்கலாகாது.

1. பிடித்த உண்மையான நேரத்தை வக்கீல் மூலமாகவோ, தாமாகவோ சொல்ல வேண்டும். உங்கள் நோட்டின் நகல் அப்போது வக்கீலின் கையில் இருக்கட்டும்.

2. அடித்திருந்தால், அங்கேயே, அப்போதே சொல்ல வேண்டும். “வெளியே சொன்னால் பார்த்துக்கொள்கிறோம்” என்ற மிரட்டலுக்குப் பயந்து முதல் நாள் மௌனமாக இருந்துவிட்டால், “அப்போது ஏன் சொல்லவில்லை?” என்ற கேள்வி கடைசி வரை துரத்தும். எங்கே வலிக்கிறது என்பதை அங்கம் அங்கமாகச் சொல்லி, பதிவு செய்யுமாறு கேளுங்கள். மோக்கா ஒப்புதலுக்குப் பின் ஆஜர்படுத்தப்படும்போது சித்திரவதைப் புகார் எழுந்தால், மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புவது மாஜிஸ்திரேட்டின் கடமை.

3. கைதானவுடன் செய்ய வேண்டிய மருத்துவப் பரிசோதனையின் அறிக்கை நகல், கைதானவருக்கோ அவர் நியமித்தவருக்கோ தரப்பட வேண்டும். கேட்டு வாங்குங்கள். காவலில் இருக்கும்வரை 48 மணி நேரத்துக்கு ஒரு முறை பரிசோதனை என்பது டி.கே. பாசு தீர்ப்பின் விதி.

4. பாஷை புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள்.

யு.ஏ.பி.ஏ.யிலும் மோக்காவிலும் குற்றப் பத்திரிகைக்கு 180 நாள் வரை அவகாசம் கிடைக்கலாம், ஜாமீனும் அரிது. கோயம்புத்தூர்க் குண்டுவெடிப்பு வழக்கில் கைதான கேரள அரசியல் தலைவர் அப்துல் நாசர் மதனி 2007 ஆகஸ்டில் விடுதலையாவதற்குள் ஒன்பது வருஷம் கழிந்தது. ஆகையால் முதல் நாள் நோட்டை முதல் நாளோடு மூடிவிடாதீர்கள். ஒவ்வொரு ரிமாண்டுத் தேதியையும், நீதிபதியின் பெயரையும், அன்று கோர்ட்டில் கொடுத்த காகிதங்களின் விவரத்தையும், சிறையில் பார்த்த நாளையும் வரிசையாக எழுதிவாருங்கள்; பக்கத்துக்குப் பக்கம் எண் இடுங்கள்; மாதம் ஒரு முறை நகல் எடுத்து, வேறு சந்தில் கொடுத்துவைத்திருக்கும் உறையில் சேர்த்துவிடுங்கள்; மழைக்காலத்தில் லேபர் கேம்ப்பில் தண்ணீர் ஏறுமுன், இரண்டு உறைகளையும் பிளாஸ்டிக் பைக்குள் இட்டு, பரணுக்கு மாற்றிவிடுங்கள்.